நீடாமங்கலம் கேட்

கேட் போட்டு இருபது நிமிஷம்.
நெல் ஏற்றிய கூட்ஸ் வருகிறதாம்.
டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு
டீக்கு இறங்கிப் போய்விட்டார்.
என் மடியில் மகிழ், ஐந்து மாசம்.
காலையில் போட்ட தடுப்பூசி
தொடையில் கொழுக்கட்டையாய் வீங்கியிருந்தது.
சட்டை அக்கா மகனுடையது:
நீலம், மார்பில் ஒரு டிராக்டர்.

"சிங்கக்குட்டி" என்றார்
காலடியில் யூரியா மூட்டை வைத்திருந்தவர்.
"உதையப் பாரு, உதைய!
வடுவூர் கபடி டீமுக்கு ஒரு ஆள் ரெடி."
முத்துப்பேட்டைக் கொடுவாவைக் கூடையில்
மூடி வைத்திருந்த அம்மாள் குனிந்து பார்த்து
"மொறைக்கிற மொறைப்பு! இன்ஸ்பெக்டருதான்."
கண்டக்டர் தன் விசிலை நீட்டினார்.
பிடித்துக்கொண்டாள் என்று நான் பார்த்தேன்.
பிடித்துக்கொண்டான் என்று பஸ் கைதட்டியது.

ஊசி வலி திரும்பியது. அழுதாள்.
"சீச்சீ, ஆம்பளப்புள்ள அழுவலாமா?"
பல் முளைக்காத வாய்
அவரைப் பார்த்து இன்னும் அகலமாய்த் திறந்தது.

வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்,
நல்ல மனுஷன்.
அவர் சட்டை நனைந்தது.
துணி மாற்ற அவிழ்த்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு மீன்கார அம்மாள்,
"பொண்ணு"
என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.
"அதான் அழுவுது" என்றார் யூரியாக்காரர்.
அதே அழுகை. ஒரு சுருதி ஏறவில்லை, இறங்கவில்லை.
கபடிக்குப் போகவிருந்த காலை
இரண்டு விரலால் சேர்த்துவைத்தாள் அம்மாள்:
"ஒடுக்கி வச்சுக்க தாயி."
காது குத்தலையா, கொலுசு போடலையா,
பவுன் எங்க போயி நிக்குது தெரியுமா என்று
கவலை பின்சீட்டு வரைக்கும் போனது.
கண்டக்டர் விசிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.
அவருக்கு அது வேலைக்கு வேண்டும்,
குறை சொல்ல முடியாது.

எனக்குச் சிரிப்புதான்.
வீட்டில் போய்ச் சொல்ல
கதையைக் கோத்துக்கொண்டிருந்தேன்,
இவர் இப்படி, அந்த அம்மா அப்படி என்று.
நடுவில் எங்கேயோ
நேற்று ராத்திரி இரண்டு மணி குறுக்கே வந்தது.
தெருவே எழுந்துகொள்ளும்படி அவள் கத்த,
வாயைப் பொத்தாத குறையாய் நான் கேட்டது:
"பொட்டப்புள்ளைக்கு இவ்ளோ சத்தமா?"
யாரும் சொல்லித்தரவில்லை.
தானாக வந்தது,
பால் சுரக்கிற மாதிரி.

கூட்ஸ் வந்தது, பெட்டி பெட்டியாக,
சிந்திய நெல்லுக்குப் புறாக்கள் பின்னால் வர.
ஹாரன் அடித்தது. அவளும் அடித்தாள்.
"ஷ்" என்று உதடு குவிந்துவிட்டது,
பாதியில் பிரித்துக்கொண்டேன்.

கேட் தூக்கவில்லை.
தஞ்சாவூர்ப் பக்கமிருந்து
இன்னொன்று வருகிறதாம்.