காரணம்

விபத்துப் படிவத்தில் ஏழாம் கட்டம்
காரணம் என்று கேட்டு
ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறது.
மூன்று நாளாய்ப் பேனாவை மூடித் திறக்கிறேன்.

தண்ணீர் என்று எழுதலாம்.
பொய்யில்லை.
ஆனால் இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை
யாரும் கூண்டில் ஏற்றத் துணிவதில்லை.
ஆனி பிறந்தும் மேட்டூர் திறக்கவில்லை என்று
தண்டவாளத்தில் உட்கார்ந்த ஊர்கள் இவை.
வெள்ளத்தில் வீடு போனவர்கூட
மடையைத் திட்டுவார், அதிகாரியைத் திட்டுவார்,
தண்ணீரைத் திட்டமாட்டார்.

ஒரு கரண்டி இருக்கும், அவ்வளவுதான்.
ஐப்பசி அடைமழையில்
கொட்டகைக்கு வெளியே இரண்டு இரவு கிடந்த கேன்,
மூடி அரைத்திருகு.
ஊற்றும்போது சவரிராயன் கேட்டான்:
"வடிச்சுப் பாத்துரலாமா பாய்?"
நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்து மணிக்குள் மேகம் கட்டிவிடும்.
அலையாத்திக் காட்டை மேலிருந்து கணக்கெடுக்க வந்த தமயந்திக்கு
இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்.

தொட்டியின் அடியில் ஒரு குமிழ்.
விரலால் அழுத்திக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து
வெயிலுக்கு நேரே தூக்கினால்
பெட்ரோல் மேலே நிற்க
நீர் அடியில் உருண்டு கிடந்திருக்கும்.
நாற்பது நொடி வேலை.
வானத்தைப் பார்க்க அதைவிட நேரமானது.

உப்பளத்து ஓரம் செம்மண் ஓடுபாதை நழுவி
இடும்பாவனத்துப் பனைகள் குட்டையாகி
இருநூற்றைம்பது அடியில்
எஞ்சின் ஒரு தரம் செருமியது.
இரண்டாம் தரம் செருமவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஓடுபாதை.
திரும்பிவிடு என்று உடம்பு இழுத்தது,
வண்டிமாடு தொழுவத்துப் பக்கம் இழுப்பதுபோல.
அந்த உயரத்தில் திரும்பினவர்களின் கதையை
அவர்கள் வாயால் நான் கேட்டதில்லை.

மூக்கைத் தாழ்த்தினேன்.
விழுகிறபோது இன்னும் தாழ்த்துவது
கைக்குப் பிடிக்காத பாடம்.
வேகம் இருக்கிறவரை அது விமானம்,
போனால்
நாலு குழாயும் துணியும்.

எதிரே சம்பா, கண்ணைக் கூசும் பச்சை.
குறுக்கே பம்புசெட்டுக்குப் போகும் மின்சாரம்.
கம்பி கண்ணுக்குத் தெரியாது,
கம்பத்தைத் தேடு.
ஒன்று கண்டேன்.
அடுத்ததை ஒரு தென்னை மறைத்திருந்தது,
இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு
இந்தப் பக்கமே இறங்கினேன்,
குழாயை அடைத்து, சாவியைத் திருப்பி,
வரப்பு ஓடும் வாக்கில்.
சக்கரம் சேற்றைத் தொட்டதும்
வால் வானத்துக்குப் போயிற்று.

தலைகீழாய்த் தொங்கினோம்.
காலையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன்:
கவிழ்ந்தால் முதலில் ஒரு கையை ஊன்றுங்கள்,
பிறகு பெல்ட்டை எடுங்கள்.
தமயந்தி ஊன்றினாள், எடுத்தாள்,
ஊர்ந்து வெளியே போனாள்.
நான் எடுத்தேன்.
என் கழுத்துப்பட்டையின் காரணம் அது,
அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

வயலுக்குரிய செங்கமலம் ஓடி வந்தார்.
முதலில் எங்களை எண்ணினார்: இரண்டு.
பிறகு பயிரை.
"தூர் கட்டுற நேரம் தம்பி. எட்டுக் குழி போச்சு."
கொஞ்சம் கழித்து,
"எப்படி விழுந்தீங்க?"
"தண்ணி" என்றேன்.
கணுக்கால் ஆழம் நின்ற வயலைப் பார்த்தார்.
"இதுலயா?"

சவரிராயன் இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லையாம்,
இன்னொரு தரம் கேட்டிருக்கணும் என்கிறானாம்.
இன்று காலை எழுதினேன்: தண்ணீர்.
அடித்துவிட்டேன்.
மேலே எழுதினேன்: கேட்டான், நான் பதில் சொல்லவில்லை.
ஹா. நஜ்முதீன்.

அன்று சேறு கழுவக் கழற்றிய சட்டையின் பையில்
குப்பி இருந்தது,
கீறல்கூட இல்லாமல்.
மூடியைத் திறந்து பார்த்தேன்,
உள்ளே
ஒரு சொட்டு ஈரமில்லை.