மற்றவை

சீனன்குடாவில் மீன் ஏலம் முடிகிற நேரம்
என் பஸ் அவ்வழியால் போகும்.
நாலு பெட்டி.
அறக்குளாவுக்கு ஒன்று, பாரைக்கு ஒன்று,
சூடைக்கு, நெத்தலிக்கு.
எதிலும் அடங்காத அளவில் ஏதும் வந்தால்
ஏலக்காரன் முகம் திருப்பாமல்
கிட்டின பெட்டிக்குள் எறிவான்.

உடம்பையும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.
நூறு பங்கில்
நுரையீரலுக்குப் பன்னிரண்டு, இரைப்பைக்கும் அதே,
எலும்பு மச்சை, பெருங்குடல், மார்பு, அவைக்கும் அதே.
விதைக்கும் சூலகத்துக்கும் எட்டு.
தைராய்டுக்கு நாலு.
மூளைக்கு ஒன்று, தோலுக்கும் ஒன்று.
பரீட்சைக்குப் பாடமாக்கும்போது சிரித்தோம்,
மூளையும் தோலும் ஒரே விலையாம்.

விலை எங்கிருந்து வந்ததென்று
ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை.
நானாகத்தான் தேடி வாசித்தேன்,
இரவுமுறையில், லிப்ட் பழுதாய்க் கிடந்த ஒரு மாரியில்.

ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும்
மிஞ்சியவர்களின் வாசலில் போய்க் கேட்டிருக்கிறார்கள்:
நீங்கள் நின்ற இடம் எது?
கூரை ஓடா? சுவர் மரமா?
முகம் எந்தப் பக்கம்?
பிறகு ஆண்டாண்டாய்க் காத்திருந்தார்கள்,
யாருக்கு, எந்த உறுப்பில், எப்போது என்று.
வந்ததை எண்ணினார்கள்.
செத்தவர்களை ஒரு கணக்கில்,
சாகாமல் வலியோடு கிடந்ததை இன்னொரு கணக்கில்,
வாழாமல் போன வருடங்களை மேலதிகமாய்.
ஆணையும் பெண்ணையும் கூட்டி இரண்டாக்கினார்கள்.
குழந்தையையும் கிழவனையும் கலந்தார்கள்.
கடைசியில் கூட்டுத்தொகை ஒன்று ஆகவேண்டும்,
ஒன்றின் பக்கத்தில் நின்றால் போதாது.
ஆகவே உருட்டினார்கள்,
கிட்டின பெட்டிக்குள்.

மார்புக்கு முதலில் ஐந்துதான் இருந்தது.
அன்று சிறுமிகளாய் இருந்தவர்கள்
வளர்ந்து, நோய்ப்பட்டு, பதிவேட்டில் ஏறிய பிறகு
பன்னிரண்டு ஆனது.

புல்மோட்டையிலிருந்து நஸுறுதீன் வந்தார்,
இல்மனைற் மண்ணில் இருபது வருடம்.
சி.டி. மேசையில் படுத்தபடி கேட்டார்:
"தங்கச்சி, எங்கட மண்ணும் சுடுமாம், இந்த மெசினும் சுடுமாம்.
எனக்கு மொத்தம் எவ்வளவு?"
எண் இருக்கு, ஆனால் அது உங்களுடையதில்லை என்றேன்.
ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல்
வயதில்லாமல் ஊரில்லாமல்
ஒருவர் இருக்கிறார், அவருடையது.
யோசித்தார்.
"அப்ப அந்தாளுக்கே அடிச்சு விடுங்களேன்."

பெட்டிகளுக்கு வெளியே ஒரு வரி மிச்சம்:
மற்றவை.
சிறுநீரகம், மண்ணீரல், கணையம், கருப்பை,
தசை, வாயின் உள்தோல்,
இதயம்.
எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு.

அந்தச் சொல்லை நானும் எழுதியிருக்கிறேன்.
கடல் வந்த அடுத்த மாதம், நிலாவெளிப் பள்ளிக்கூடத்தில்,
கையெழுத்து வடிவு என்று என்னைப் பிடித்து இருத்தினார்கள்.
வீடு: முழுச்சேதம், பகுதிச்சேதம்.
வள்ளம்: உண்டு, இல்லை.
நின்ற இடம் கடலிலிருந்து எத்தனை மீற்றர்.
ஒருத்தி மீற்றர் சொல்லவில்லை.
"ஒரு கை பனையில இருந்தது பிள்ளை.
மற்றக் கையில—"
வரிசை நீளம். பின்னால் தள்ளினார்கள்.
'மற்றவை' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
கோடுதான்.
என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை, வயது பதினெட்டு.

போன கிழமை நெஞ்சுப் படத்துக்கு ஒருத்தி வந்தாள்,
நிலாவெளி முகவரி.
அவளோ, வேறு யாரோ.
முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்துத்தான்
எங்களுக்குப் பழக்கம்.
நாடியை மேலே வையுங்கோ,
இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப் பிடியுங்கோ என்றேன்.
பிடித்தாள்.
கண்ணாடிக்குப் பின்னால் போய்
மூச்சை அடக்கச் சொல்லி அழுத்தினேன்.

முடிஞ்சுது அம்மா, விடலாம் என்றேன்.
ஓம் என்றாள்.
விடவில்லை.