பூப்பந்துத் தளத்தில் ஓர் ஆறு

கூட்டம் காலை பத்துக்கு.
ஆள் சேர்ந்தது பதினொன்றே காலுக்கு.
பொது மண்டபத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
நீலச் சாக்கட்டியால்
பூப்பந்துத் தளத்தின் குறுக்கே
சுங்கை தெம்பினிஸை வரைந்தார் ரொஸ்லான்.

வளைவே இல்லையே, என்றாள் கோமளவல்லி.
செம்பனை நட்டபோது
கம்பெனி நேராக்கிவிட்டதே, என்றார் அவர்.
அது ஆற்றுக்குத் தெரியாது,
என்றார் இரும்புக்கடை ஆ ஃபூக்.
செருப்பால் தேய்த்து
மறுபடி வரைந்தார்கள்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
ஆறு ஒருமனதாக வளைந்தது.

சென்ற முறை எவ்வளவு உயரம்?
சுவரில் கோடு இருந்தது.
தேர்தலுக்கு முன் வெள்ளையடித்துவிட்டார்கள்.
ஆளாளுக்குத் தம் உடம்பைத் தொட்டுக் காட்டினார்கள்.
தொடை. இடுப்பு.
லோரி ஓட்டும் ஜெகதீசன்
அப்போது ஒன்றாம் வகுப்பு:
மூக்கைத் தொட்டான்.
யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு ஒரு செம்பனைக் கொட்டை.
தூக்கிப் போகவேண்டியவர் உள்ள வீட்டுக்கு
கொட்டைக்குப் பதில் சிவந்த பழம்.
வாரம் மூன்று நாள்
ரத்தம் சுத்தம் செய்யப் போகும் வேலாயுதம்
தன் பழத்தைத் தானே கொண்டுவந்து வைத்தார்.
சிமெண்டில் எண்ணெய்க் கறை படிந்தது.
சம்பான் இரண்டு. ஒன்று ஓட்டை.
ஒட்டித் தருவதாக ஆ ஃபூக் சொன்னார்,
பசைக்குக் காசு யார் என்றும் கேட்டார்.

பாலத்துத் தூணில் மஞ்சள் கோட்டை நீர் தொட்டால்
எதைக் கொண்டு எழுப்புவது?
சூராவ் ஒலிபெருக்கியா, கோயில் ஒலிபெருக்கியா
என்பதில் அரைமணி நேரம் போயிற்று.
மின்சாரம்தான் முதலில் போகும், இரண்டும் ஊமை,
என்றாள் ஹசானா.
கடைசியில் ரொட்டிக்காரரின் ஹார்ன்.
எந்தத் தூக்கத்திலும் பிள்ளைகளுக்கு அது கேட்கும்.
நடுச்சாமத்தில் அது கேட்டால்
சில்லறை தேடாதீர்கள்,
அடையாளக் கார்டைத் தேடுங்கள்.

எந்த மேட்டுக்கு ஏறுவது?
பதில் எல்லோருக்கும் தெரியும்,
அதனால் யாரும் சொல்லவில்லை.
மேட்டில் இருப்பது துரை பங்களா.
துரைகள் போய்
மேனேஜர்கள் போய்
இப்போது அங்கே வௌவால்.
வாசற்கதவில் சங்கிலி,
சாவி கோலாலம்பூரில்.
மூன்று கடிதம் போட்டேன்.
மூன்று முறையும் ஒரே பதில்:
உங்கள் கடிதம் கிடைத்தது.

வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு
வெகுநேரமாக நின்றிருந்தார்
பங்களாக் காவல்காரர் தில்பகதூர்.
உள்ளே வந்தார்.
சாவி பற்றிப் பேசவில்லை.
ஆறு வளைகிற இடத்தில், தண்ணீரை ஒட்டி,
வெறும் சிமெண்டை விரலால் தட்டினார்.
இங்கே எங்கள் கொங்சி, என்றார்.
கண்டெய்னர் ஆறு. நாற்பத்து மூன்று பேர்.
வங்காளதேசத்தார், நேப்பாளிகள்,
இரண்டு குழந்தைகள்.

தினமும் அந்த வழியாகத்தான்
நான் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போகிறேன்.
கொட்டை தீர்ந்திருந்தது.
ஜெகதீசன் பந்து டப்பாவைத் திறந்து
ஆறு இறகுப் பந்துகளை
ஒவ்வொன்றாக அங்கே நிறுத்தினான்.

அதற்குப் பிறகே தில்பகதூர்
குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:
அந்தப் பூட்டு உடைந்து எட்டு மாதம்.
சங்கிலியைச் சும்மா சுற்றித்தான் வைத்திருக்கிறேன்.
தள்ளினால் திறக்கும்.

பேனாவை மூடினேன்.
குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது:
மேடு குறித்து விவாதிக்கப்பட்டது.
ஒத்திகை, அடுத்த மாதம் இரண்டாம் சனி.
தேநீருடன் கூட்டம் முடிந்தது.

சாயங்காலம் விளையாட வந்த பையன்கள்
கொட்டைகளை ஓரமாக அள்ளி வைத்தார்கள்,
கோட்டை அழிக்கவில்லை.
புதுச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள்:
நீலத்தில் விழுந்த பந்து நனைந்த பந்து,
புள்ளி எதிராளிக்கு.
நேற்றும் அப்படித்தான் ஆடினார்கள்,
வெளியே தூறிக்கொண்டிருந்தது.