டுக்குவை அணைக்க வேண்டாம்

முதல் நாள் செருப்புக் கடையோடுதான் போனேன்.
இணையத்தில் செருப்பு விற்கும் கடை,
பெருநாள் நெருங்கக் கூட்டம் ஏறும்,
கூட்டம் ஏற ஏற சர்வர்களும் தானாய்ப் பெருகும்.
நூற்று நாற்பது ஸ்லைடு.
கோலாலம்பூரில் வங்கிக்கும் இதே செருப்பு,
ஷா ஆலாமில் பால்மாவுக்கும் இதே செருப்பு.

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு பேர்.
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்த சந்திரமலர்,
தொப்பியின் ரப்பர் தடம் நெற்றியில் இன்னும் ஆறாமல்,
கை தூக்கினாள்:
"எங்ககிட்ட கூட்டமெல்லாம் வராது மிஸ்.
வேஃபர்தான் வரும்.
லைன் அறுந்துபோனா
நிறுத்துன்னு அடுப்புக்கு யாரு சொல்றது?"

நூற்று நாற்பதில்
அடுப்பு இல்லை.

பூன் லெங் என்னை சர்வர் அறைக்குக் கூட்டிப்போனான்.
குளிரில் நான்கு பெட்டிகள்,
மாஸ்கிங் டேப்பில் பேனாவால் பெயர்கள்.
துரியானில் சம்பளக் கணக்கு.
ரம்புத்தானோடு மட்டுமே பேசும் ஒரு லேபிள் பிரிண்டர்.
மங்குஸ்தீன் ஒசாகாவுக்கு ரிப்போர்ட் அனுப்பும்.
நான்காவது டுக்கு.
"இதில் என்ன ஓடுகிறது?"
"தெரியாது. பெயர் வைத்தவர் போய்ப் பதினோரு வருஷம்.
ஒருமுறை அணைத்துப் பார்த்தோம்,
மூன்றாம் மாடியில் ஒரு கதவும் திறக்கவில்லை."

அன்றிரவு விடுதியில்
ஆறிப்போன சார் குவே தியாவ் பக்கத்தில் கிடக்க
ஜோடி ஜோடியாய்ச் செருப்புகளை அழித்தேன்.
பாஸ் போனில்:
மூணு நாள் காசுக்கு
அளவெடுத்துத் தைக்க நீ என்ன டெய்லரா?
இல்லைதான்.
ஆனால் கையே நுழையாத சட்டைக்கு
எத்தனை பொத்தான் வைத்து என்ன?

மறுநாள் மங்குஸ்தீனை மட்டும் மேலே ஏற்றினோம்.
இரண்டு முறை விழுந்தது,
ஒன்று என் பிழை.
பில் டாலரில் வந்தது.
ரொஹானா அதை ரிங்கிட்டாக்கி,
ரிங்கிட்டை ஓவர்டைம் மணியாக்கி,
அதற்குப் பிறகே தலையசைத்தாள்.

மூன்றாம் நாள் முதல் ஸ்லைடு:
'மேகத்துக்குப் போகக் கூடாதவை.'
அடுப்புக் கட்டளைகள் உள்ளூர்க் கட்டுப்பாட்டில்
இருத்தல் நலம் என்று எழுதியிருந்தேன்.
சந்திரமலர் எழுந்து வந்து அதை அடித்து
வெள்ளைப் பலகையில் எழுதினாள்:
'நிறுத்து' என்ற சொல்
பாலத்தைத் தாண்டக் கூடாது.

அதற்குமேல் அங்கே நான் சொல்லித்தர
அதிகம் இல்லை.
புது சர்வருக்குப் பெயர் வைப்பதுதான் பாக்கி.
டேப் ஒட்ட அதற்கு உடம்பு கிடையாது என்றாலும்
நங்காவா சிக்குவா என்று
தேநீர் ஆறும்வரை சண்டை.
கடைசியில் ரொஹானா,
என் முகத்தைப் பார்க்காமல்:
"செலிப்பார்."

கூரை அதிரச் சிரித்தார்கள்.
நானும்தான், கொஞ்சம் தாமதமாக.

ஏழு மாதம் கழித்துப் பூன் லெங்கின் செய்தி:
செலிப்பார் நன்றாக ஓடுகிறது.
துரியானும் போன வாரம் மேலே போயிற்று.
டுக்குவை
இன்னும் யாரும் தொடவில்லை.