பின்கதவு வரைபடம்

சமூக மன்றம் கொடுத்த தாளில் பதினெட்டுக் கேள்விகள்.
தீபாவளிக்கு என்ன பலகாரம்,
தீமிதி பார்க்கப் போனதுண்டா,
கம்பத்தில் முதல் தொலைக்காட்சி யார் வீட்டில்.
ஆறாவதில் வைரக்கண்ணு ஐயா
கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார்.
"வேலைனு என்ன எழுதியிருக்கு?"

அரசாங்க லாரி ஓட்டுநர். மகன் நிரப்பிக் கொடுத்த படிவம்.

"லாரிதான். ஓட்டல.
பின்னால தொத்திக்கிட்டுப் போவேன்."

கைப்பேசியில் சிவப்புப் புள்ளி துடித்தது.
நிறுத்தவா என்றேன்.
வேண்டாமெனக் கையசைத்துக்
குரலை மட்டும் இறக்கிக்கொண்டார்.
பிடோக் நார்த், பதினோராம் மாடி.
அடுக்களையில் தவமணி அம்மா
மீன் கழுவிக்கொண்டிருந்தார்.
"பையன் கேட்க வேணாம். அவளும்தான்.
இத்தனை வருசம் டிரைவர்னுதான் நெனச்சிருக்கா."

விடிவதற்குமுன் நாலு மணி.
தோளில் தடி, தடிக்கு இரண்டு வாளி.
தெருப்பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது.
முன்வாசல்களைப் பார்த்ததே இல்லை.
நாய் உள்ள சந்து, நாய் செத்த சந்து,
விளக்கை அணைக்காமல் வைத்த சீனர் வீடு,
பெருநாளுக்குத் தகரத்தின்மேல்
சிவப்பு உறை வைக்கும் ஒரு கிழவர்.
மூன்றாம் வீட்டில் வயிற்றுப்போக்கு
வைத்தியருக்கு முந்தி இவருக்குத் தெரியும்.
"கடைசி வீட்டு வாளி ஒரு வாரமா எடையே இல்ல.
சாப்பாடு இல்லனு புரிஞ்சுக்கிட்டோம்.
யாருகிட்ட போய்ச் சொல்ல?"

கெம்பாங்கானில் எங்கள் லோரோங்கும்
அவர் வழியில் இருந்திருக்கிறது.
நீல வாசல், பிள்ளையார் ஓடு என்றேன்.
தலையாட்டவில்லை.
கோழிக்கூடு, பக்கத்தில் வாய் உடைந்த ஜாடி என்றேன்.
"அட, ஆறாவது!
சாம்பல் தூவி வச்சிருப்பாங்க ஒரு அம்மா.
நல்ல வீடு."

அம்மா சாம்பல் தூவினாள் என்பதை
அம்பத்தெட்டு வயதில் இவர் சொல்லிக் கேட்கிறேன்.
தகரக்கதவு கிறீச்சிட்டதும்
தம்பியும் நானும் போர்வைக்குள்
மூச்சைப் பிடித்து ஐம்பதுவரை எண்ணுவோம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
பதிவில் அந்த இடத்தில்
மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.

"எழுபத்தி நாலுல தோள் சீழ் வச்சு,
ஒரு மாசம் படுத்துட்டேன்..."

"எழுபத்தி ஆறு," என்றது அடுக்களை.

குழாய் நின்றிருந்தது.
"மூத்தவன் வயித்துல இருந்தான்.
மஞ்சள் பத்துப் போட்டது யாரு?
டெட்டால்ல குளிச்சிட்டு வர்ற டிரைவர்
ஊர்ல வேற எவன் இருந்தான்?"
கோபமா சிரிப்பா தெரியவில்லை.
கத்தி மறுபடி பலகையில் இறங்கியது,
டொக், டொக், செதில் தெறிக்க.

ஐயா அடுக்களை வாசலையே பார்த்தார்.
நான் கைப்பேசியைப் பார்த்தேன்.
படிவத்தின் கடைசிக் கட்டம் காலியாகக் கிடந்தது:
இப்பதிவை யார் யார் கேட்கலாம்.
பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.

"சாப்ட்டுட்டுப் போங்க. வஞ்சிரம்."

இன்னும் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன.
எழுபத்து நான்கை அடித்து
எழுபத்தாறு என்று எழுதினேன்.
அதற்கு மேல்,
ஓட்டுநர் என்ற சொல்லை
என்ன செய்வதென்று தெரியாமல்
கை கழுவப் போனேன்.