ஒன்று குறைகிறது

சுடுவது அரை மணி நேரம்.
பொறுக்குவது மத்தியானம் முழுக்க.

ஓட்டேரிக்குப் பின்னால்
மலையை முட்டி நிற்கிற மைதானம்.
சித்திரை வெயில்.
நாற்பது பேர் முட்டி போட்டு
புல்லில்லாத தரையைக் கோதுகிறார்கள்,
பேன் பார்ப்பதைப்போல.

என் வேலை எண்ணுவது.
கொடுத்தது நானூறு,
வாங்க வேண்டியது நானூறு.
குண்டு எங்கே போனதென்று யாரும் கேட்பதில்லை.
அட்டையில் பட்டதோ, மண்மேட்டில் புதைந்ததோ,
மலைக்கு அந்தப் பக்கம் யார் கொல்லையில் விழுந்ததோ.
கூடு வந்தாக வேண்டும்.
உயிரை விட்டுவிட்டு உடம்பை மட்டும் கேட்கிற
இந்தக் கணக்கை எழுதிவைத்தவன்
எந்தச் சுடுகாட்டில் வேலை பார்த்தானோ.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரை அடுக்குவார்கள்.
குண்டில்லாத தோட்டாவை
அந்த வரிசையில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

எம்ப்டி என்போம் நாங்கள்.
வலப்பக்கம் துள்ளி விழும்.
உடனே எடுத்தால் விரல் பொசுங்கும்.
போன மாதம் எப்சிபாவின் காலருக்குள் ஒன்று இறங்கியது.
குறி பார்த்திருந்த பெண் அசையவில்லை.
மிச்ச நாலு ரவுண்டையும் சுட்டு முடித்து
துப்பாக்கியைத் தரையில் கிடத்தி
அப்புறம்தான் கத்தினாள்.
அந்த எம்ப்டிகூடக் கணக்கில் வந்தது.

இன்று முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது.

பத்துப் பத்தாக நிற்கவைத்து மறுபடி எண்ணினேன்.
பித்தளை அணிவகுப்பில்
கடைசி வரிசைக்கு ஒரு பல் போயிருந்தது.
பூட்ஸைக் கழற்றி உதறினார்கள்.
பாக்கெட்டுகளை நாக்குபோல வெளியே இழுத்துக் காட்டினார்கள்.
ஓணான் வளையில் குச்சி விட்டான் தணிகாசலம்.
ஆட்டுப் புழுக்கையைக்கூட
உருட்டிப் பார்த்தாள் எப்சிபா.
ஜீப்பில் ஏறாமலும் இறங்காமலும்
படியில் ஒரு காலை வைத்தபடி இன்ஸ்பெக்டர்:
"கிடைக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் சோறில்லை."

என் டிரங்குப் பெட்டியில் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கிறது.
மழைக்குப் பிறகு மண் தானாகத் திருப்பிக் கொடுத்தவை,
எண்ணிக்கை கூடிப்போன நாட்களின் மிச்சம்,
மொத்தம் பதினோரு எம்ப்டி.
எந்த நோட்டிலும் இல்லாதவை.
இருபத்திரண்டு வருஷ சர்வீசில்
கடனில் போகாத ஒரே சேமிப்பு.

ஒன்றை எடுத்தேன்.
பூத்திருந்த பச்சையை எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
அடியில் பொறித்த வருஷம்
கட்டைவிரலுக்குக் கீழே மறைய
"கெடச்சிடுச்சிங்கய்யா" என்றேன்.

நாற்பது பேரும் எழுந்து முட்டியைத் தட்டினார்கள்.
அரக்கு வைத்த மூட்டை கிளம்பிப் போனது.
இனி எடை போடுவார்கள், ஏலம் விடுவார்கள், உருக்குவார்கள்.
குழாயாகுமோ, பூட்டாகுமோ,
எவர் வீட்டுக் கல்யாணச் சீரில்
குத்துவிளக்காய்ப் போய் உட்காருமோ,
எனக்குத் தெரியாது.
என் நோட்டு கேட்டோடு நின்றுவிடும்.

மூன்று வாரம் போயிற்று.
மைதானத்துக்கு டீ அனுப்புகிற முனைக்கடையில்
தில்ஷாத் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.
பென்சில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பிடிக்க வாகாய் அதன் பின்னால் ஒரு பித்தளை.
தோட்டாவின் கழுத்துக்கும் பென்சிலுக்கும்
ஜாதகம் பார்த்ததுபோல் அப்படியொரு பொருத்தம்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.
அன்றைக்கு நான் கொடுத்த அதே வருஷம்.
நடுவில் ஊசி குத்திய பள்ளம்.

"இன்னா ஏட்டய்யா, அப்டி மொறைக்கிற?
அன்னிக்கித் தூக்கு கழுவச்சொல்ல அடியில கெடந்துச்சி.
நீங்கோ எல்லாம் அந்த டீயத்தான் குடிச்சீங்கோ."

பூட்ஸ், பாக்கெட், ஓணான் வளை.
டீத்தூக்கில் கைவிட ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டால் கொடுத்துவிடுவாள்.
வாங்கினால் நானூற்றொன்று.
அதை நேராக்க
இன்னொரு பொய் எழுத வேண்டும்.
திருப்பிக் கொடுத்தேன்.

முனையை நாக்கில் தொட்டு
என் பெயருக்கு நேரே எழுதினாள்:
டீ ரெண்டு, பட்டர் பிஸ்கட் ஒன்று.
போன மாசத்துப் பாக்கியையும் சேர்த்துக் கூட்டினாள்.

ஒரு ரூபாய் குறையவில்லை.