பதினொன்றாம் கேள்வி

கேப்பர் மலையின் பின்சரிவில்
வீரையும் காயாவும் பின்னிக் கிடக்கும்
ஒன்றேகால் ஏக்கர் காடு.
நாலுவழிச் சாலையின் கோடு
வரைபடத்தில் அதன் நடுவே போகிறது.
பென்சிலுக்கு முள் குத்தாது.

படிவத்தில் பதினொன்றாம் கேள்வி:
நிலத்தில் கட்டுமானம் உண்டா?

முளைக்குச்சி அடிக்கக் குனிந்த தேசிங்கு
சுத்தியலை ஓங்கியபடியே நின்றுவிட்டான்.
"சார், இங்க ஒரு மூடி இருக்கு."

மூடிதான்.
எட்டணா அகலம். செம்மண் நிறம்.
மேலே பாசி ஒட்டி, சருகுத் துணுக்கு ஒன்றும் பதித்து,
இல்லை என்று சொல்வதற்காகவே
இவ்வளவு வேலை.
நேற்றைய மழை ஓரத்து மண்ணைக் கரைத்திராவிட்டால்
பூட்ஸ் காலோடு கடந்திருப்பேன்.

கோப்பில் குத்தியிருந்த குண்டூசியால் நெம்பினேன்.
நூலிழைக் கீல் கொஞ்சம் இடம் கொடுத்தது,
வெள்ளைப் பட்டு மெழுகிய சுவர் தெரிந்தது,
பிறகு
உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

விரலில் ஊசி அதிர்ந்தது.
கறுத்த கால்களைச் சுவரில் ஊன்றி
கதவை நகத்தால் கவ்வி
அவளுடைய முழு எடையும்
(என்ன எடை, ஒரு புளியங்கொட்டை இருக்குமா?)
என்னோடு மல்லுக்கு நின்றது.

"சிலந்தி சார். அந்தரத்துல வலை கட்டாத ஜாதி.
ஆம்பளைங்க ஐப்பசி மழைக்கு வெளிய அலையும்.
பொம்பளை தோண்டின குழிய விட்டு நகராது.
தானே புயல்ல முந்திரி அத்தனையும் சாஞ்சப்ப
இது உள்ளதான் இருந்திருக்கும்."

எனக்கு வேறொரு கதவு ஞாபகம் வந்தது.
முதுநகரில், உப்பனாற்றுக் கரையை அகலப்படுத்தியபோது
தகரக் கதவுக்குப் பின்னால் பூங்காவனம் என்று ஒருத்தி.
போலீஸ் தள்ள, நான் பட்டியல் வாசிக்க,
அரைமணி நேரம் அது திறக்கவில்லை.
திறந்தபோது அவள் உள்ளங்கைகளில்
தகரத்தின் நெளிவு பதிந்திருந்தது.
அன்றைக்குப் படிவத்தில்
'தற்காலிகக் கட்டுமானம்' என்று எழுதினேன்.

ஊசியை உருவினேன்.
சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.
மண் மண்ணானது.

"முளைய எங்க சார் அடிக்கறது?"
ஒரு முழம் தள்ளி, என்றேன்.
ஒரு முழத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை
என்று இருவருக்கும் தெரியும்.
சாலையின் அகலம் அறுபது மீட்டர்.

பதினொன்றுக்கு என்ன எழுதினேன் என்று
கேட்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ்ஸில்
ஜன்னல் ஷட்டரைத் தூக்கப் பார்த்தேன்.
இறுகியிருந்தது.
கையை எடுத்துவிட்டேன்.